மைனிங்கன் கோமகனின் இடக்கை

சாக்சென்-மைனிங்கன் என்று ஜேர்மனியில் ஒரு குட்டி நாடு இருந்தது. எனக்கு அது தெரிந்திருப்பதற்கு நான் பொறுப்பில்லை. முல்லைத்தீவில் பிறந்து, படகில் வந்து, சிட்னியின் பிளாக்டவுனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்கிற ஒருத்திக்கு, என்றைக்கோ செத்துப்போன கோமகன்களின் பெயரெல்லாம் மனப்பாடம் என்றால், யாரோ பிடித்து வைத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

பிடித்து வைத்துச் சொன்னவர் சிறீஸ்கந்தராசா அங்கிள். 2012 தொடக்கத்தில் என்னையும் நிரஞ்சினியையும் தற்காலிக விசாவில் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டபோது, அவருடைய வீட்டுப் பின்வளவில் கிரானி பிளாட் என்று கட்டியிருந்த தனிச் சின்ன வீட்டில் வாடகைக்கு வந்து சேர்ந்தோம். நிரஞ்சினி என்னோடு ஒரே படகில் வந்தவள், கெட்டிக்காரி. அங்கிள் ரெயில்வே வேலை முடிந்து பின்னேரம் வந்து, உடுப்புக் காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் குந்தினார் என்றால், ஈர உடுப்பைக் கூடையோடு விட்டுவிட்டு அவள் உள்ளே ஓடிவிடுவாள். எனக்கு ஓடத் தெரியவில்லை. துவாயை உதறிக் கிளிப் போடும்போது ஒரு மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். பெரிய பிழை.

"டச்சி எண்டா என்ன எண்டு தெரியுமோ பிள்ளை?"

"ஒல்லாந்தர்தானே அங்கிள். யாழ்ப்பாணத்தில கோட்டை கட்டினவங்கள்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அது டச்சு. இது டச்சி. டியூக் ஆளுற நாடு."

அன்றிலிருந்து நிரஞ்சினிக்கு அவர் டச்சி அங்கிள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் ஜேர்மனிக்கு அகதியாகப் போனவர். அங்கே அவரைப் பெட்டியோடு கொண்டுபோய் மைனிங்கன் என்ற சிறிய நகரத்து அகதி விடுதியில் இறக்கிவிட்டார்கள். வேலை இல்லை, தெரிந்த முகம் இல்லை, குளிர் மட்டும் தாராளம். கோமகனின் பழைய மாளிகையை மியூசியமாக்கியிருந்தார்கள். அங்கே ஹீற்றர் இருந்தது. ரிக்கற் கிழிக்கிற அம்மா இவரைக் கண்டும் காணாததுபோல் உள்ளே விட்டிருக்கிறா. சூட்டுக்காகப் போன மனுசன் சுவரில் எழுதியிருந்ததை எல்லாம் அகராதி வைத்து வாசித்து முடித்தார். கடைசியில் ஜேர்மனி அவரை ஏற்கவில்லை. அவருடைய மனைவி சத்தியபாமா அன்ரியின் தமையன் சிட்னியில் இருந்தார். அவர் தங்கையையும் தங்கையின் மகனையும் ஸ்பொன்சர் செய்து இங்கே எடுப்பித்தார். பின்னால் அங்கிளும் ஒட்டிக்கொண்டு வந்தார். "என்ர அண்ணா மட்டும் எடுத்திராட்டி" என்று அன்ரி குசினியில் தொடங்கினால் அங்கிள் செருப்பைக் கொழுவிக்கொண்டு பின்வளவுக்கு வந்துவிடுவார். அவருக்கு மைனிங்கன் தேவைப்பட்டதே அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

"ஏர்ன்ஸ்ட் எண்டு ஒரு டியூக் இருந்தவர். பெரிய பக்திமான். அவருக்கு ஏழு பெடியள். தகப்பன் செத்தாப் பிறகு நாட்டை ஏழாப் பிரிச்சுப்போட்டினம்."

"வளவு பிரிக்கிற மாதிரியோ?"

"அதேதான் பிள்ளை! மூண்டாவது பெடியனுக்கு விழுந்த பங்குதான் மைனிங்கன்."

"பிறகென்ன, எல்லை வேலிக் கதியாலை இரவோட இரவாத் தள்ளி நட்டிருப்பாங்கள்."

"வழக்கு! பரம்பரை பரம்பரையா வழக்கு!" அங்கிளுக்குத் தாங்கமுடியாத சந்தோசம். அந்த ஏழு பேரும் ஏதோ யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து போனவர்கள் என்று நினைத்திருப்பார்.

இந்த நாட்டில் அடிலெயிட் என்று ஒரு நகரம் இருக்கிறதே, அந்தப் பெயர்கூட மைனிங்கன் வீட்டுப் பெண் ஒருத்தியின் பெயர்தான். இங்கிலாந்து ராசாவைக் கட்டிப் போனவ. ரி.வி.யில் காலநிலை சொல்லும்போது அடிலெயிட் வந்தால் அங்கிள் சத்தத்தைக் கூட்டுவார். "எங்கட பிள்ளை" என்பார். நாற்பது பாகை வெயில் என்றால் உண்மையாகவே கவலைப்படுவார்.

ஆனால் அவருடைய நாயகன் இரண்டாம் கெயோர்க் என்ற கோமகன்தான். நாடகப் பைத்தியம். சொந்தமாக நாடகக் குழு வைத்து ஐரோப்பா முழுக்கக் கொண்டு திரிந்தவர். இன்றைக்கு ராசா வேசம் போட்டவன் நாளைக்குக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கோசம் போடவேண்டும், அது அவருடைய சட்டம். முதல் இரண்டு மனைவிகளும் இறந்தபிறகு, அந்தக் குழுவில் நடித்த எல்லன் என்ற நடிகையைக் கட்டினார். பெற்ற தகப்பன் எதிர்ப்பு. ஜேர்மன் பேரரசரே எதிர்ப்பு.

"அப்பிடியும் கட்டினவர் பிள்ளை! ஆனா ராசகுடும்பத்துச் சட்டம் ஒண்டு இருக்கு. சரிநிகர் இல்லாத பொம்பிளையைக் கட்டினா அவவுக்குக் கோமகள் பட்டம் இல்லை, பிள்ளையளுக்கு நாட்டில உரிமை இல்லை. அந்த மாதிரிக் கல்யாணத்தில மாப்பிள்ளை பொம்பிளைக்கு வலக்கை குடுக்கிறேல்லை. இடக்கைதான் குடுக்கிறது. இடக்கைக் கல்யாணம் எண்டே அதுக்குப் பேர்."

நான் கையில் இருந்த படுக்கை விரிப்பைக் கம்பியில் எறிந்தேன். "இடக்கையோ? நாங்கள் பிச்சைக்காரனுக்குக்கூட இடக்கையால குடுக்கமாட்டம்."

"அது அந்தக் காலத்துச் சட்டம்..."

"உங்கட டியூக் அவ்வளவு பெரிய மனுசன் எண்டா வலக்கையைக் குடுத்திருக்கலாமே அங்கிள்."

அவர் முகம் சுருங்கிப்போனது. கதிரையை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனவர், ஒரு கிழமையாகக் கம்பிப் பக்கம் வரவேயில்லை. நிரஞ்சினி எனக்குக் கைகுடுத்துப் பாராட்டினாள்.

அந்த ஒரு கிழமையில்தான் அவருடைய மகன் பிரவீனன் எங்கள் சுடுதண்ணீர்க் குழாயைத் திருத்த வந்தான். எஞ்சினியர். சின்ன வயதிலேயே இங்கே வந்தவன் என்றாலும் தமிழ் நன்றாகப் பேசுவான். பதற்றப்பட்டால் மட்டும் இங்கிலிஷ். குறடு, ஸ்பானர், தேத்தண்ணிக் கோப்பை எல்லாம் அவனுக்கு இடக்கைதான். வேலை முடிந்ததும் பையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து நீட்டினான், நீட்டிய வேகத்தில் பின்னுக்கு இழுத்து மற்றக் கைக்கு மாற்றினான்.

"சொறி. ரோங் ஹான்ட். அம்மா கண்டா அடி விழும்."

"இப்பவுமோ?"

"இப்பவும்தான். கோயில்ல திருநீறு வாங்க இடக்கை நீட்டி எத்தினை தரம் குட்டு வாங்கியிருக்கிறன் தெரியுமோ? ஸ்கூல்ல ரீச்சர் அவன்ர பாட்டில விடுங்கோ எண்டு சொன்னவ. அம்மா விடேல்லை."

அந்தக் குழாய் பிறகும் பலமுறை பழுதானது. குழாயில் பிழை இல்லை என்பது நிரஞ்சினிக்கும் தெரியும். அடுத்த கோடையில் ஒருநாள், வேலையால் வந்த என்னை ஸ்டேசனிலிருந்து கூட்டிவரும்போது, சிவப்பு லைற்றில் காரை நிறுத்திவிட்டு அவன் கேட்டான், "நீர் என்னைக் கட்டுவீரோ?" லைற் பச்சையானதும் பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். நான் ஓம் என்றது அவனுக்குக் கேட்டதோ தெரியாது என்று இன்னொருமுறை கத்தினேன். வீட்டில் கேட்டுச் சொல்லச் சொன்னேன். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

ஞாயிறு மத்தியானம் என்னை முன்வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக அந்த வீட்டில் குசினிக் கதவோடு நின்று கதைத்தவளுக்கு அன்றைக்குத்தான் சாப்பாட்டு மேசையில் கதிரை கிடைத்தது. அன்ரி இறால் குழம்பு வைத்திருந்தா. என் தட்டில் போட்டுக்கொண்டே தொடங்கினா.

"எனக்கு உன்னில கோபம் இல்லைப் பிள்ளை. நீ நல்ல பிள்ளை. ஆனா நாளைக்கு உன்னைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பினா இவன்ர வாழ்க்கை என்ன? ஊர்ச்சனம் என்ன சொல்லும், விசாவுக்காக வளைச்சுப் பிடிச்சிட்டாள் எண்டு சொல்லாதோ?"

"லோயரிட்டைக் கேட்டனான் அன்ரி. படகில வந்த ஆக்களுக்குக் கல்யாணத்தால விசா இல்லை. இவரைக் கட்டினாலும் கட்டாட்டியும் என்ர கேஸ் ஒண்டுதான்."

அந்தப் பதிலோடு அன்ரியின் கோபத்துக்கு இடமில்லாமல் போய், பயம் மட்டும் மிஞ்சியது. அப்போதுதான் அங்கிள் தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்டு சொல்லுறன். ரெண்டு பக்கத்துக்கும் பிரச்சினை இல்லாமல். இப்போதைக்கு ரெஜிஸ்டர் மட்டும் செய்வம். நாங்கள் நாலுபேர் மட்டும். ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. பிள்ளை பின்னால கிரானி பிளாட்டிலயே இருக்கட்டும், இவனும் அங்க வந்து இருக்கட்டும். விசா சரிவந்தாப் பிறகு மேய்ஸ் ஹில் முருகன் கோயில்ல பெரிசாத் தாலி கட்டுவம். அப்ப எல்லாருக்கும் சொல்லுவம்."

சொல்லிவிட்டு எல்லோரையும் சுற்றிப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு பெருமை. நான் பிரவீனனைப் பார்த்தேன்.

"ரெஜிஸ்டர்தானே லீகல் பார்ட், தாரகா," என்றான் அவன். "மிச்சம் எல்லாம் ஜஸ்ட் எ பங்ஷன்."

குழம்புக் கையை வழித்துவிட்டு எழும்பினேன்.

"அங்கிள், இது இடக்கைக் கல்யாணம்."

அங்கிளின் பெருமை அப்படியே உறைந்துபோனது. அன்ரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இதென்ன கதை? இவன் இடக்கையன் எண்டது உலகத்துக்கே தெரியும். அதை இப்பதான் கண்டனியோ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "அதில்லை அன்ரி. எனக்கு மேளம் வேண்டாம், பெரிய மண்டபம் வேண்டாம், உங்கட நகை ஒண்டும் வேண்டாம். நாலு சனத்துக்கு முன்னால, இவ எங்கட மருமகள் எண்டு நீங்கள் சொல்லவேணும். அது ஒண்டுதான் வேணும். விசா வந்தாத்தான் மருமகள், வராட்டிப் பின்வளவில ஒளிச்சு வைக்கிற ஆள் எண்டா எனக்கு இது வேண்டாம்."

"தாரகா, வெயிட்..." என்று பிரவீனன் எழும்பினான். நான் நிற்கவில்லை. குசினிக் கதவால் வெளியே வந்து, அங்கே கிடந்த பிளாஸ்டிக் கதிரையைக் காலால் ஒரு தட்டுத் தட்டினேன். பாவம் கதிரை.

மெல்பேர்னின் கிரான்பர்னில், தடுப்பு முகாமில் என்னோடு பழகிய சிநேகிதி ஒருத்தி இருந்தாள். அங்கே மரக்கறியைப் பெட்டிகளில் அடுக்குகிற வேலை இருக்கிறது, வா என்று நெடுக அழைப்பவள். அவளுக்கு ரெலிபோன் எடுத்து, வாறன் என்றேன். நிரஞ்சினி என் பெட்டியை எடுத்துத் தூசு தட்டித் தந்தாள். தந்துவிட்டு, பெட்டிக்கு மேலேயே ஏறி இருந்துகொண்டு எழும்ப மறுத்தாள்.

பிரவீனன் கதவடிக்கு வந்து நின்றான். "நான் ஸ்டுப்பிட்டாக் கதைச்சிட்டன்."

"ஓம்."

"வெரி ஸ்டுப்பிட்."

"ஓம்."

"நான் கோயில்லதான் கட்டுவன். அம்மா வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

"வராட்டி எனக்குச் சரியில்லை," என்றேன். அம்மாவை வெட்டிவிட்டு வருகிற கல்யாணமும் எனக்கு வேண்டாம். என் அம்மா கடலுக்கு அந்தப்பக்கம் தனிய இருக்கிறா. ஒரு அம்மா தூரத்தில் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அவன் திரும்பி முன்வீட்டுக்குப் போய்விட்டான்.

போவதற்கு முன்னர் அன்ரி தந்திருந்த விரிப்புகளைத் தோய்த்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று கம்பியில் போட்டுக்கொண்டிருந்த பின்னேரம், பின்னால் கதிரை கிறீச்சிட்டது. அங்கிள் என்று நினைத்துத் திரும்பினால் சத்தியபாமா அன்ரி. அவ அந்தக் கதிரையில் இருந்ததை நான் அதுவரை கண்டதில்லை.

"உந்த மனுசன் ஞாயிற்றுக்கிழமையில இருந்து ஒழுங்காச் சாப்பிடேல்லை," என்றா. "என்னப்பா எண்டு கேட்டா, 'நான் அந்த டியூக்கிலும் கேவலம், அவன் எண்டாலும் ஊருக்கு முன்னால கட்டினவன்' எண்டுது. ஆரடி அந்த டியூக்?"

முப்பது வருடமாக அந்த மனுசனோடு குடும்பம் நடத்துகிறவ என்னைக் கேட்கிறா. நான் விரிப்பைப் பிழிந்துகொண்டே சொன்னேன். ஏழு பெடியள் நாடு பிரித்தது, கெயோர்க், நாடகக் குழு, எல்லன், தகப்பனும் பேரரசரும் எதிர்த்தது, இடக்கை. அன்ரியின் வாய் இறுகிக்கொண்டே போனது.

"கடைசியில அந்த நாடகக்காரிக்கு என்ன நடந்தது?"

"ராசகுடும்பத்துக் கல்லறை மாளிகையில அவவுக்கு இடம் இல்லை அன்ரி. சட்டம். அதனால டியூக்கும் தனக்கு அது வேண்டாம் எண்டு போட்டார். ஊர்ச்சனத்தைப் புதைக்கிற சவக்காலையிலதான் அவரைத் தாட்டவை. பிறகு அவவையும் அவருக்குப் பக்கத்தில."

"செத்தாப் பிறகே பக்கத்தில இடம் குடுத்தவர்?"

"ஓம்."

"உயிரோட இருக்கேக்க அந்தக் கையை மாத்திக் குடுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் அவருக்கு?" என்று அன்ரி வெடித்தா. உண்மையான கோபம். பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. "பெரிய நாடாம், பெரிய டியூக்காம்! இப்ப எங்க அந்த நாடு?"

"அவர் செத்துக் கொஞ்ச வருசத்தில முடிஞ்சுபோச்சு. எல்லன் அதுக்குப் பிறகும் உயிரோட இருந்தவ."

"நல்லா வேணும்."

யாருக்கு நல்லா வேணும் என்று நான் கேட்கவில்லை. அன்ரி எழும்பி வந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்தா. இரண்டுபேருமாக அதை உதறினோம்.

"எனக்குப் பயம், பிள்ளை," என்றா, விரிப்புக்கு அந்தப்பக்கத்திலிருந்து. "பயம் போகாது. ரி.வி.யைப் போட்டா உந்தப் படகுக் கதைதான். ஆனா நான் வேறை ஒண்டும் யோசிச்சனான். ஆரோ ஒரு வாடகைக்கு இருந்த பெட்டையைப் பிடிச்சு அனுப்பினா, நான் ஆரெண்டு போய் நிண்டு கத்துறது? என்ர மருமகளை அனுப்புறாங்கள் எண்டா, பாளிமெண்ட் வாசலில இருந்து கத்துவன். என்ர சத்தம் உனக்குத் தெரியும்தானே."

தெரியும். பிளாக்டவுனுக்கே தெரியும். நான் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அன்ரி அந்தப்பக்கம் நின்று, "தோய்ச்சதில மூக்கைச் சிந்தாதை," என்றா. பிறகு, "ஆவணியில நாள் இருக்கோ எண்டு ஐயரைக் கேப்பம்," என்றா.

ஆவணியில் நாள் இருந்தது. 2013. என் விசா அப்போதும் அதே தற்காலிக விசாதான்; கேஸ் மீளாய்வில் இருந்தது. அன்ரி அதை யாருக்கும் ஒளிக்கவில்லை. அழைப்பிதழ் கொடுக்கப்போன வீடெல்லாம் அவவே முந்திக்கொண்டு, "மருமகள் படகில வந்தவ, கேஸ் நடக்குது, நீங்களும் நேர்த்தி வையுங்கோ," என்று சொல்லி, வாய் திறக்கவந்த சனத்தை மூடவைத்துவிட்டா. தமையன் வீட்டிலும் அதே. "அண்ணா மட்டும் எடுத்திராட்டி" என்ற பாட்டையும் அதோடு நிறுத்திவிட்டா என்று நான் சொன்னால் அது பொய். குறைத்துக்கொண்டா.

மேய்ஸ் ஹில் கோயிலில் நல்ல சனம். எனக்குத் தாய் தகப்பனாக நின்று கன்னிகாதானம் செய்து தர, நிரஞ்சினியின் தூரத்து உறவான ஜெயரட்ணம் அங்கிளும் மனைவியும் வந்திருந்தார்கள். நிரஞ்சினி ரெலிபோனை உயர்த்திப் பிடித்திருந்தாள்; அதன் கண்ணாடிக்குள் முல்லைத்தீவில் என் அம்மா, படம் நின்று நின்று வந்துகொண்டிருந்தா. தாலி ஏறியது. மேளம் ஓய்ந்தது. அக்கினியைச் சுற்றிவரவேண்டும்.

"மாப்பிள்ளை, பொம்பிளையின்ர கையைப் பிடியுங்கோ," என்றார் ஐயர்.

பிரவீனன் வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தான். சட்டென்று கையை நீட்டினான்.

இடக்கை.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். அது மாம்பழம் நீட்டிய கை. அதில் ஒரு பிழையும் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை எழும்பவில்லை. ஐயர் வாயைத் திறக்கமுன், மணவறைக்குப் பக்கத்தில் நின்ற சிறீஸ்கந்தராசா அங்கிள் ஒரு பாய்ச்சல் பாய்ந்தார். ஐயரின் மைக் அவருடைய வாய்க்கு நேரே இருந்தது.

"வலக்கை! டேய் பிரவீனன், வலக்கை! எங்கட மருமகளுக்கு வலக்கையைக் குடடா!"

அது மண்டபத்து ஸ்பீக்கர் எல்லாவற்றாலும் போய், செருப்புக் கழற்றும் வாசல்வரை கேட்டது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிள்ளை இடக்கையன், தகப்பன் சடங்கு சம்பிரதாயம் பார்க்கிறவர், அவ்வளவுதான் அவர்கள் கண்டது. அங்கிள் சிரிக்கவில்லை. கண் கலங்கி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்ரியும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, போதுமோ என்று கேட்பதுபோல் தலையை ஆட்டினா.

"சொறி, ரோங் ஹான்ட்," என்று முணுமுணுத்துக்கொண்டு பிரவீனன் கையை மாற்றினான்.

இடக்கையனின் வலக்கைப் பிடி கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.